கூண்டா, சலானா?

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. நீதிபதி கட்டச் சொன்னாலும் அபராதம், அதிகாரி கட்டச் சொன்னாலும் அபராதம், நூலகத்தில் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தாலும் அபராதம். சட்டம் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதலாவது தண்டனை, அதைக் கட்டியவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. இரண்டாவது பணப்பொறுப்பு, கட்டியவர் விதியை மீறியவர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. சிறு விதிமீறல்களை முதல் வரிசையிலிருந்து இரண்டாவது வரிசைக்கு மாற்றும் வேலை இந்தியாவில் சில ஆண்டுகளாக மும்முரமாக நடக்கிறது. 'இனி சிறை இல்லை, அபராதம் மட்டுமே' என்று செய்தியில் படிக்கிறவருக்கு, தண்டனையின் அளவு குறைந்திருக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் தண்டிக்கிற ஆளே மாறியிருக்கிறார். அதனால் இங்கே நீதிமன்றம் விதிப்பதை அபராதம் என்றும், அதிகாரி விதிப்பதைத் தண்டத்தொகை என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். வீட்டில் மிளகாய்ப் பொடி அரைத்து விற்கும் ஒரு பெண்மணியின் 200 கிராம் பாக்கெட். பெயர், முகவரி, நிகர எடை, விலை எல்லாம் அச்சாகியிருக்கின்றன. மாதமும் ஆண்டும் குத்த வேண்டிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்பின் மை படியாமல் ஒரு நீலக் கறை மட்டும் இருக்கிறது. நுகர்வோர் புகார் சொல்லத் தொலைபேசி எண் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இரண்டும் மீறல். எடை குறையவில்லை, கலப்படம் இல்லை, யாரும் ஏமாறவில்லை. ஆனாலும் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 வகுத்தபடி இது குற்றம்: முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாம் தடவை 50,000 வரை, அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஒரு லட்சம் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ.

இந்த நீலக் கறையை என்ன செய்யலாம்? நான்கு வழிகள் இருக்கின்றன. குற்ற வழக்குப் போடலாம். துறைக்குப் பணம் கட்டி வழக்கை முடிக்கச் சொல்லலாம். அதிகாரியே விசாரித்துத் தண்டத்தொகை விதிக்கலாம். அல்லது முதல் தடவை என்பதால் திருத்திக்கொள்ளச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம்.

எத்தனை விதிகள், எத்தனை சிறைகள்

இது ஏதோ ஒரு சட்டத்தின் தனிக் குணம் அல்ல. தொழில் செய்வோரைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டங்களை அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு 2022இல் எண்ணிப் பார்த்தது. 1,536 சட்டங்கள், அவற்றில் நிறைவேற்ற வேண்டிய 69,233 கடமைகள், அவற்றுள் 26,134 கடமைகளுக்குத் தவறினால் சிறை என்ற வாசகம். கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு. பதிவேட்டைச் சரியாக எழுதாததும், படிவத்தைக் காலம் தாழ்த்தி அனுப்பியதும், தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததும் ஒரே சட்டத்தின் ஒரே தண்டனைப் பிரிவுக்குள் அடைபட்டுக் கிடக்கும். சட்டம் எழுதுகிறவர்களுக்கு அது வசதி. கடைசிப் பக்கத்தில் 'இச்சட்டத்தின் எந்த விதியை மீறினாலும்' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

இதைக் கலைக்க வந்ததுதான் 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம். 19 அமைச்சகங்களின் பொறுப்பில் இருந்த 42 சட்டங்களில் 183 பிரிவுகளை அது ஒரே வீச்சில் திருத்தியது. சிலவற்றில் சிறை நீங்கியது, சிலவற்றில் குற்றமே தண்டத்தொகையாக மாறியது, சிலவற்றில் பணம் கட்டி முடித்துக்கொள்ளும் வழி திறந்தது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இந்தப் பட்டியலில் இருந்தது ஒரு வேடிக்கை. உச்ச நீதிமன்றம் 2015இலேயே செல்லாது என்று அறிவித்த பிரிவு அது. எட்டாண்டுகள் கழித்துத்தான் புத்தகத்திலிருந்து அடித்தார்கள். அபராதம், தண்டத்தொகை ஆகியவற்றின் குறைந்தபட்சத் தொகை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் தானாக உயரும் என்ற ஏற்பாடும் இந்தச் சட்டத்தில் உண்டு. அரை நூற்றாண்டாக 500 ரூபாயிலேயே நின்றுபோன அபராதங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதை மாற்றுவது, மாற்றிய பிறகு யார் கையில் கொடுப்பது என்பதில்தான் சண்டை.

நீதிமன்ற வழி

நம் பெண்மணி மீது குற்ற வழக்கு என்றால் என்ன நடக்கும்? சம்மன் வரும். குறித்த நாளில் காலை பத்தரைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். திருட்டு வழக்கும் அடிதடி வழக்கும் கூப்பிடும் அதே குரல் அவர் பெயரையும் கூப்பிடும். ஆய்வாளர் வேறு பணியில் இருந்தால் வாய்தா. வக்கீல் கட்டணம் ஒருபக்கம், அரைக்காமல் போன பொடி ஒருபக்கம். கடைசியில், 'ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போங்கள் அம்மா' என்று யாராவது சொல்வார்கள். அவர் ஒப்புக்கொள்வார். அந்தக் கணத்திலிருந்து அவர் தண்டனை பெற்றவர்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவர் மகனைப் பார்க்க வெளிநாடு போக நினைத்தால் இன்னொரு கதவு அடைபடும். இந்தியக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது பாஸ்போர்ட் சட்டத்தின் 6வது பிரிவு. அந்த வழக்கு கொலையா, மை படியாத ஸ்டாம்பா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. நீதிமன்ற அனுமதியோடுதான் போக முடியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நீதிமன்ற வழியை ஒதுக்கிவிடலாம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். நான் அவ்வளவு வேகமாகப் போக மாட்டேன். அந்தத் தாழ்வாரத்தில் அவருக்குச் சில கவசங்கள் இருக்கின்றன. குற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசு. விசாரிப்பவர் அந்தத் துறையின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டிக்க முடியாது. இவை இரண்டும் அரசியல் சாசனத்தின் 20வது பிரிவு தருபவை. இன்னொன்று அதிகம் பேசப்படாதது: காலக்கெடு. அபராதம் மட்டுமே உள்ள குற்றமென்றால் ஆறு மாதத்துக்குள், ஓராண்டு வரை சிறை உள்ள குற்றமென்றால் ஓராண்டுக்குள் நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றாக வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514வது பிரிவு. ஐந்தாண்டுக்கு முந்தைய பொட்டலத்தை மேசை அறையிலிருந்து எடுத்து மிரட்ட முடியாது.

மிகச் சிறிய குற்றங்களுக்கு இந்த வழியிலேயே ஒரு குறுக்குப் பாதையும் இருக்கிறது. 5,000 ரூபாய் வரை அபராதம் மட்டுமே உள்ள சிறு குற்றங்களில், நேரில் வராமல் தபாலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தை அனுப்பிவிடலாம். பழைய சட்டத்தில் இந்த வரம்பு 1,000. அலைச்சல் மிச்சம்தான். ஆனால் ஒப்புக்கொள்வது குற்றத்தையே என்பதால் குற்றவாளி என்ற பெயர் பெயர்தான்.

காம்பவுண்டிங்

அலுவலகங்களில் எல்லோரும் இந்த ஆங்கிலச் சொல்லையே சொல்கிறார்கள். தமிழில் எழுதும்போது இணக்கக் கட்டணம். குற்றம் குற்றமாகவே சட்டத்தில் இருக்கும். துறைக்கு ஒரு தொகையைக் கட்டினால் வழக்கு நீதிமன்றம் போகாது. எடையளவுச் சட்டத்தின் 48வது பிரிவு இதற்கு வழிசெய்கிறது. ஒருமுறை இப்படி முடித்துக்கொண்டவர் மூன்றாண்டுக்குள் அதே தவறைச் செய்தால் இந்த வாசல் திறக்காது.

நடைமுறையில் பெரும்பாலான சிறு வியாபாரிகள் இந்த வழியில்தான் போகிறார்கள். விரைவு, அமைதி, குற்றப்பதிவு இல்லை. எனக்கு இந்த வழி பிடிக்காததற்கு ஒரே காரணம்தான்: தவறே செய்யாதவரும் கட்டிவிடுவார். 'கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போவீர்கள்' என்ற வாக்கியம் அறையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது நடக்கும் இணக்கத்தில் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. ஸ்டாம்பு உண்மையில் படிந்திருந்ததா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டிய அவசியமே எழாதபடிதான் இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது.

அதிகாரி விதிக்கும் தண்டத்தொகை

சீர்திருத்தக்காரர்களின் விருப்பம் இதுதான். குற்றம் என்ற சொல்லையே எடுத்துவிடுவது. துறையின் அதிகாரி ஒருவர் நோட்டீஸ் அனுப்புவார், பதில் கேட்பார், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தருவார், எழுத்தில் உத்தரவு போடுவார். மேல் அதிகாரியிடம் முறையிடலாம்.

இந்தியாவில் இதன் பெரிய சோதனைக்கூடம் கம்பெனிகள் சட்டம். 2018இல் அவசரச் சட்டமாக வந்து 2019இல் நிரந்தரமான திருத்தம், காலம் தாழ்ந்த படிவம் போன்ற 16 குற்றங்களை நீதிமன்றத்திலிருந்து எடுத்துக் கம்பெனிப் பதிவாளரிடம் கொடுத்தது. 2020இல் மேலும் பல பிரிவுகள் பின்தொடர்ந்தன. பதிவாளர் போடும் உத்தரவுகள் இணையத்தில் வெளியாகின்றன; யாருக்கு எவ்வளவு, ஏன் என்று யாரும் படிக்கலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குகளில் இந்த வெளிச்சம் கிடையாது. சிறு கம்பெனிகளுக்கும் தொடக்க நிலை நிறுவனங்களுக்கும் தண்டத்தொகை மற்றவர்களுக்கு உள்ளதில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்ற ஏற்பாடும் உண்டு. நல்ல வடிவமைப்பு. நம் பெண்மணிக்கும் இதுபோல ஒன்று கிடைத்தால் அவர் ஏன் வேண்டாம் என்பார்?

மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டு அவர் முடிவு செய்யட்டும்.

முதலாவது, மனசு. 1969இல் ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல கோட்டைப் போட்டது. தண்டத்தொகை விதிப்பது கிட்டத்தட்டக் குற்ற நடவடிக்கை போன்றது. வேண்டுமென்றே சட்டத்தை மதிக்காமல் நடந்தால் ஒழிய, விதிக்க அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவே விதிக்கக்கூடாது என்றது. 2006இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி தொடர்பான ஒரு பரஸ்பர நிதி வழக்கில் அதே நீதிமன்றம் வேறு பக்கம் நடந்தது. குடிமைக் கடமையை மீறினாலே பொறுப்பு வந்துவிடும், உள்நோக்கம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை என்றது. சந்தையில் கோடிகளைக் கையாளும் நிறுவனத்துக்கு அந்த அளவுகோல் சரியாக இருக்கலாம். அதையே மிளகாய்ப் பொடிக்குக் கொண்டுவந்தால், 'மை தீர்ந்துபோனது தெரியாது ஐயா' என்ற உண்மையான பதில் எதற்கும் உதவாது. தொகையைக் குறைக்க உதவலாம், அவ்வளவே.

இரண்டாவது, கவசங்கள். குற்றம் என்ற சொல் போகும்போது 20வது பிரிவின் பாதுகாப்பும் கூடவே போய்விடுகிறது. இது புதிய கண்டுபிடிப்பல்ல. சாண்டா குரூஸ் விமான நிலையத்தில் 107.2 தோலா தங்கத்துடன் பிடிபட்ட ஒருவரின் தங்கத்தைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. பிறகு அவர் மீது குற்ற வழக்கும் வந்தது. ஒரே செயலுக்கு இரண்டு தண்டனையா என்று கேட்டார். சுங்க அதிகாரி நீதிமன்றம் இல்லை, பறிமுதல் குற்றத் தண்டனையும் இல்லை, எனவே இரண்டாவது நடவடிக்கைக்குத் தடையில்லை என்று 1953இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்டத்தொகை வந்துவிட்டால் வழக்கு வராது என்று யாராவது உறுதி கொடுத்தால், அது அந்தக் குறிப்பிட்ட சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கட்டாவிட்டால்? இங்கேதான் விளம்பரத்தின் சின்ன எழுத்து. கம்பெனிகள் சட்டத்தின் 454வது பிரிவின்படி 90 நாளுக்குள் தண்டத்தொகையைக் கட்டத் தவறும் பொறுப்பாளருக்கு ஆறு மாதம் வரை சிறை வரலாம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் புதிய வடிவில் கட்டத் தவறினால் மூன்றாண்டு வரை. முன்வாசல் வழியாக அனுப்பிய சிறை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. பணம் வைத்துக்கொண்டு கட்டாதவருக்கு அது பொருந்தும். கையில் இல்லாததால் கட்டாதவரைச் சட்டம் பிரித்துப் பார்க்கிறதா? பெரும்பாலும் வாசகத்தில் அந்தப் பிரிவினை இல்லை. பழைய வழியில் தவறுக்காகச் சிறை. புதிய வழியில் வறுமைக்காகச் சிறை என்று ஆகிவிடக்கூடாது.

இவற்றோடு, குற்றம் கண்டுபிடிக்கும் துறையும் தீர்ப்பளிக்கும் துறையும் ஒன்றே. பதிவாளர் போட்ட உத்தரவை எதிர்த்து முறையிட்டால் அது மண்டல இயக்குநரிடம் போகிறது; அவரும் அதே அமைச்சகம். துறைக்குள் எல்லோரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தன் ஆய்வாளர் தவறு செய்தார் என்று எழுத ஒரு மேலதிகாரிக்கு எவ்வளவு தயக்கம் இருக்கும் என்பது அரசு அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன

ஜெர்மனி இந்தப் பாதையில் முன்னோடி. 1952இல் சிறு மீறல்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. 1968இல் அதைத் திருத்தி எழுதியது. அங்கே அதிகாரி தொகை விதித்ததும் இரண்டு வாரத்துக்குள் ஒரு ஆட்சேபம் எழுதிப் போட்டால் போதும், விவகாரம் உள்ளூர் நீதிமன்ற நீதிபதியிடம் போய்விடும். மேல் அதிகாரியிடம் போவதில்லை. பணம் கட்டாதவரைச் சிறையில் வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் கட்ட இயலாதவர் என்று தெரிந்தால் வைக்க முடியாது. நம் சட்டங்களில் காணாமல்போன இரண்டு செங்கற்களும் அங்கே இருக்கின்றன.

அந்த நாட்டிலேயே இன்னொரு கதை. துருக்கியிலிருந்து வந்து அங்கே வாழ்ந்த ஒருவர் 1978இல் நிறுத்தியிருந்த ஒரு கார் மீது மோதிவிட்டார். 60 மார்க் தண்டத்தொகை. ஆட்சேபித்து நீதிமன்றம் போனார். மொழிபெயர்ப்பாளருக்கு ஆன செலவு 63 மார்க் 90 பென்னிக். அதையும் அவரே கட்ட வேண்டும் என்றார்கள். குற்ற வழக்கில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், இது குற்ற வழக்கு இல்லையே என்பது அரசின் வாதம். 1984இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டதாலேயே நியாயமான விசாரணைக்கான உரிமைகள் போய்விடாது. பொதுவான ஒரு விதி, தண்டிப்பதும் தடுப்பதும் நோக்கம் என்றால் அந்தப் பாதுகாப்புகள் தொடரும் என்றது. தண்டத்தொகையைவிட மொழிபெயர்ப்புச் செலவு அதிகமாகிப்போன அந்தக் கணக்கை நான் இந்த விவாதத்தில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பிரிட்டன் வேறு விதமாகச் சமன் செய்தது. பேராசிரியர் ரிச்சர்ட் மேக்ரோரி 2006இல் கொடுத்த பரிந்துரைகளின் மேல் எழுந்த 2008ஆம் ஆண்டுச் சட்டம், ஒழுங்குமுறை அமைப்புகளே நிலையான தொகை விதிக்க அனுமதித்தது. ஆனால் விதிக்கும் முன் மீறல் நடந்தது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. குற்ற வழக்கின் நிரூபண அளவு, குடிமை வழக்கின் வேகம். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு இது பதில்.

அமெரிக்காவில் 2024 ஜூனில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பங்குச்சந்தை ஆணையம் தன் சொந்த நீதிபதியின் முன்னால் மோசடிக்குத் தண்டத்தொகை கேட்க முடியாது, ஜூரி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பெரிய நிறுவனங்களுக்குத்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். ஆனால் அது தொட்ட நரம்பு உண்மையானது.

எங்கே நிறுத்த வேண்டும்

இதுவரை சிறியவரைப் பற்றிப் பேசினேன். தண்டத்தொகையின் மறுபக்கம் பெரியவர்.

போபால் விஷவாயுவுக்குப் பிறகு 1986இல் வந்தது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சிறை இல்லை. பத்தாயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை. மீறல் தொடர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம். ஆண்டு முழுக்கத் தொடர்ந்தால் 36 லட்சத்து 50 ஆயிரம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காக ஓட்ட இதைவிடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய ஆலையின் கணக்காளர் என்ன சொல்வார்? அவரைக் குறை சொல்லி என்ன பயன். சட்டமே விலைப்பட்டியல் மாதிரி எழுதியிருக்கிறது. மிகச் சிறிய சாயப்பட்டறைக்கும் மாபெரும் ரசாயன ஆலைக்கும் உச்சவரம்பு அதே 15 லட்சம். விற்றுமுதலோடு இணைத்து நிர்ணயிக்காத தொகை பெரியவருக்குக் கட்டணம், சிறியவருக்கு இடி.

பழைய சிறைத் தண்டனை மட்டும் என்ன சாதித்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1984 டிசம்பரில் நடந்த போபாலுக்கு 2010 ஜூனில் தீர்ப்பு வந்தது. ஏழு பேருக்கு இரண்டாண்டு சிறை, அன்றே ஜாமீன். குற்றம் என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டாம். ஆனால் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, அந்த வகை வழக்கை விரைவாக நடத்து என்பதைத்தான். வழக்கே வேண்டாம் என்பதை அல்ல.

மருந்தைப் பாருங்கள். தரக்குறைவு முதலிய மீறல்களுக்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை சிறை வைத்திருந்த மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவை, 2023 திருத்தம் இணக்கக் கட்டணத்தில் முடித்துக்கொள்ளக்கூடியதாக்கியது. போலி மருந்துக்கும் கலப்பட மருந்துக்கும் இது பொருந்தாது என்று அரசு விளக்கம் கொடுத்தது. சட்டப்படி சரி. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்தால் இறந்த செய்தி வந்தபோது, அந்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் தயாரானது என்று தெரிந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. அது 27(டி) அல்ல, அதைவிடப் பலமடங்கு கடுமையான குற்றம். நான் சொல்ல வருவது வேறு. மூலப்பொருளைச் சோதிக்காமல் விடுவது, சோதித்ததாகப் பதிவேட்டில் எழுதாமல் விடுவது: இவை ஆய்வு நாளன்று காகிதத் தவறுகளாகவே தெரியும், மை படியாத ஸ்டாம்பைப் போலவே. குழந்தைகள் இறந்த பிறகுதான் அந்த வெற்றுக் கட்டத்தின் பொருள் புரிகிறது.

ஆகவே சிறு குற்றம் எது என்பதைத் தண்டனையின் அளவை வைத்தோ காகிதத்தின் தோற்றத்தை வைத்தோ முடிவு செய்வது தவறு. அந்தக் காகிதம் எதைக் காவல் காக்கிறது என்று கேட்க வேண்டும். கம்பெனியின் ஆண்டறிக்கை தாமதமானால் கெடுவது பெரும்பாலும் தகவல், பின்னால் சரிசெய்துகொள்ளலாம். மூலப்பொருள் சோதனைப் பதிவேடு காப்பது உயிர். பின்னால் சரிசெய்ய ஒன்றும் மிஞ்சாது. முதல் வகையைத் தாராளமாகத் தண்டத்தொகைக்கு மாற்றலாம். இரண்டாவது வகையில் ஒரு கட்டத்தைக்கூட மாற்றக்கூடாது.

காசோலை என்ற நடுவழி

இந்த அளவுகோலுக்குள் அடங்காமல் முரண்டு பிடிப்பது காசோலை வழக்கு. பணம் இல்லாமல் திரும்பும் காசோலையை 1989 ஏப்ரலிலிருந்து குற்றமாக்கியது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவு. இரண்டாண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப்போல் இருமடங்கு வரை அபராதம். அடிப்படையில் இது கடன் தகராறு. ஓநாய்த் தோல் போர்த்திய செம்மறி என்ற பொருளில் உச்ச நீதிமன்றமே 2021இல் இதை வருணித்தது. 2019 இறுதியில் நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடிக் குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் இந்தச் செம்மறிகள்தாம்.

2020 ஜூனில் நிதி அமைச்சகம் குற்றத்தன்மை நீக்கலாம் என்று கருத்துக் கேட்ட பிரிவுகளின் பட்டியலில் 138ம் இருந்தது. வணிகர்கள் கொதித்தார்கள், யோசனை அப்படியே அடங்கியது. யாருடைய காகிதமும் இங்கே உயிரைக் காக்கவில்லை, என் அளவுகோல்படி இதை மாற்றிவிட வேண்டும். ஆனால் சரக்கைக் கொடுத்துவிட்டுக் காசோலையை வாங்கிக்கொண்டு நிற்கும் சிறு வியாபாரிக்கு இருக்கும் ஒரே பிடி இந்தப் பிரிவுதான். உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குப் போட்டால் எத்தனை ஆண்டு என்று அவருக்குத் தெரியும். மாற்று வழி ஓடாத ஊரில் பழைய பாலத்தை இடிக்கக்கூடாது. இது கோட்பாட்டின் தோல்வியா, நம் உரிமையியல் நீதிமன்றங்களின் தோல்வியா என்று கேட்டால் இரண்டாவது என்பேன். ஆனால் பணம் வராத வியாபாரிக்கு அந்த வேறுபாட்டால் என்ன?

பொட்டலத்துக்குத் திரும்புவோம்

2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான இரண்டாவது ஜன் விஸ்வாஸ் மசோதா 16 சட்டங்களின் 355 பிரிவுகளைத் தொட்டது. அதில் எனக்குப் பிடித்த பகுதி தண்டத்தொகைகள் அல்ல. 10 சட்டங்களின் கீழ் 76 மீறல்களுக்கு முதல் தடவை எச்சரிக்கையோ அறிவுரையோ மட்டும் என்ற யோசனை. சிறையா பணமா என்ற வாதத்தில் எல்லோரும் மறந்துபோகும் நான்காவது வழி அது. செலவில்லாதது. நம் பெண்மணிக்குத் தேவைப்படுவதும் அதுதான்: புதிய ஸ்டாம்பு, ஒரு தொலைபேசி எண், பதினைந்து நாள் அவகாசம்.

திருத்திக்கொள்ளாவிட்டால் தண்டத்தொகை. அதற்கு நான் நான்கு நிபந்தனைகள் வைப்பேன். பொட்டலத்தைப் பிடித்த ஆய்வாளரும் அவருடைய மேலதிகாரியும் தீர்ப்பளிக்கக்கூடாது. உத்தரவை எதிர்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அது நீதிபதியிடம் போக வேண்டும். குற்ற வழக்கில் உள்ளதைப்போல ஆறு மாதக் காலக்கெடு வேண்டும். கட்ட இயலாதவரைக் கட்ட மறுப்பவரிடமிருந்து பிரித்துப் பார்க்காமல் சிறைக்கு அனுப்பக்கூடாது. இந்த நான்கும் இல்லாத தண்டத்தொகையையும் குற்ற வழக்கையும் அவர் முன்னால் வைத்தால், தாழ்வாரத்தில் நின்றாலும் பரவாயில்லை, வழக்கையே தேர்ந்தெடுங்கள் என்று சொல்லத் தயங்க மாட்டேன். அங்கே அவர் சொல்வதைக் கேட்க வெளியாள் ஒருவராவது இருக்கிறார். மூன்று தடவை நோட்டீஸ் வாங்கியும் எடையைக் குறைத்து விற்பவர் என்றால் பேச்சே வேறு; அவருக்குக் கூண்டு இருக்கட்டும்.

நோட்டீஸ் எந்த மொழியில் வரும் என்பது ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு பக்கத்தை அவர் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லி, 'பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் அக்கா' என்ற ஒற்றை வரியை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினால், முறையீடு செய்ய 30 நாள் என்று இரண்டாம் பக்கத்தின் அடியில் அச்சாகியிருந்தாலும் அவருக்கு அது தெரியப் போவதில்லை. என்ன தவறு, எவ்வளவு தொகை, ஒப்பாவிட்டால் யாரிடம் எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும்: முதல் பக்கத்தின் மேல்பாதியில், தமிழில், இந்த மூன்றும் இருக்க வேண்டும்.